வூட்ல பிரிட்ஜ் இருக்குதாம்மா?

போன மாசம் மோட்டாருக்கு ஒரு ஸ்விட்ச் வாங்கப் போனேன். அவ்வளவுதான் வேலை.

எங்க வீட்டுக்காரருக்கு முட்டியில ஆபரேஷன் ஆகி, இன்னும் ஊனுகோலை விடலை. படி ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. எங்க வீட்டு மோட்டார் ஸ்விட்ச் இருக்கிறதோ பின்கதவைத் தாண்டி, படி எறங்கி, பாசி புடிச்ச சந்துக்குள்ள.

மனுஷன் கேக்கணுமே! நான் துணி காயப் போட மாடிக்குப் போனா போதும், இவரு பின்னாடி எறங்கிடுவாரு. ஒரு நாள் வந்து பாக்கிறேன், ஊனுகோல் ஒரு பக்கம் கெடக்குது, இவரு பப்பாளி மரத்தைக் கட்டிப் புடிச்சிகினு நிக்கிறாரு.

"இன்னாங்க இது?"

"ஒண்ணுமில்ல. காய் பழுத்துதான்னு பாத்தேன்."

அது ஆண் மரம். காயே காய்க்காது.

இன்னொரு தடவை வழுக்கினா மறுபடியும் ஆஸ்பத்திரி பெட்டுதான். அதனால, உக்காந்த எடத்துலயே மோட்டாரைப் போடுற மாதிரி எதுனா செய்யணும்னு முடிவு பண்ணினேன்.

எலக்ட்ரீஷியன் பழனி சொன்னான். "ஒயரை இழுத்து உள்ளாற ஒரு ஸ்விட்ச் போட்டுர்லாம்க்கா. ஒரு டீ குடிக்கிற நேரம்."

நான் கேட்டா தேவலையே! "புள்ளைய பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலையில வச்சிகினு நான் ஒயர் இழுக்கணுமாடா?"ன்னு மிதப்பா கேட்டுட்டேன்.

மோட்டாரைப் போன்லயே போடுற மாதிரி ஸ்விட்ச் வேணும்னு மகன் கார்த்திக்குப் போன் போட்டேன். அவன் மூச்சு விடாம ஆரம்பிச்சான்.

"அம்மா, மொதல்ல எந்தக் கம்பெனிக்குள்ள போறோம்னு முடிவு பண்ணணும். ஒண்ணுக்குள்ள போயிட்டா பல்பு, ஸ்விட்ச்சு, பேசுற டப்பா எல்லாம் அதுலயேதான் வாங்கணும். வேற கம்பெனிது ஒத்து வராது. பாதியில மாத்தவும் முடியாது."

"கல்யாணம் மாதிரின்னு சொல்லு."

"வெளாடாதம்மா. வைஃபைல ஓடுறத வாங்காத, பின்னாடி சந்துக்கு சிக்னல் எட்டாது. ஜிக்பீன்னு வேற சிக்னல்ல ஓடுறது இருக்குது, அத வாங்கு. மேட்டர் இருக்குதான்னும் கேட்டுக்க."

"இன்னாடா மேட்டர்?"

"மேட்டர்மா! கடையில கேளு, தெரியும். எனக்கு மீட்டிங்கு."

வச்சிட்டான். நான் போன் பண்ணினா மட்டும் அவனுக்கு எங்கிருந்தோ மீட்டிங் வந்துடும்.

கச்சிராயபாளையத்துல டவுன் பஸ் ஏறினதுலருந்து, மறந்துடக் கூடாதேன்னு வாய்க்குள்ளயே சொல்லிகினு வந்தேன். ஜிக்பீ, மேட்டர். ஜிக்பீ, மேட்டர். பக்கத்து சீட்டு அம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு, "இன்னா வேண்டுதலும்மா?"ன்னு கேட்டாங்க. "மோட்டாருக்கு"ன்னேன். கைப்பையை எடுத்துகினு அந்தாண்ட சீட்டுக்குப் போயிட்டாங்க.

கள்ளக்குறிச்சியில எங்களுக்குப் பழக்கமான பாய் கடை. நல்ல கூட்டம். எட்டி நின்னு கேட்டேன்.

"பாய், மேட்டர் இருக்குதா?"

மொத்தக் கடையும் திரும்பிப் பாத்துது. ஃபேனுக்கு பேரம் பேசிகினு இருந்த ஆளு பேரத்தையே நிறுத்திட்டாரு.

பாய் கொரலைத் தாழ்த்தினாரு. "இன்னா மேட்டரும்மா?"

"மேட்டர்தான் பாய், மேட்டர்! எம்புள்ளதான் கேக்கச் சொன்னான்."

"புள்ளையேவா!"

"ஆமா பாய், மோட்டார் ஸ்விட்ச்சுக்கு."

பாய்க்கு அப்பதான் மூச்சு வந்துது. "அத மொதல்ல சொல்லக் கூடாதாம்மா? அது ஒரு பொது பாஷை மாதிரி. வேற வேற கம்பெனி சாமானெல்லாம் சண்டை போடாம ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும்."

"எங்க வீட்டுக்காரரும் அவரு தம்பியும் பேசிக்கிறதுக்கு அதுல எதுனா இருக்குதா?"

"அதுக்கு இன்னும் மாடல் வரலம்மா," ன்னு சிரிச்சாரு. "மேட்டர் போட்டதுல மோட்டார் இழுக்கிற கரண்டுக்குத் தாங்குறது நம்மகிட்ட இப்ப இல்ல. ஜிக்பீயில கனமானது ஒண்ணு இருக்குது. ஆனா அதுக்கு பிரிட்ஜ் கட்டாயம் வேணும். வூட்ல பிரிட்ஜ் இருக்குதாம்மா?"

இன்னாத்துக்குன்னு கேட்டிருக்கலாம். என் கௌரவம் எடம் குடுக்கலை.

"இன்னா பாய் அப்படிக் கேட்டுட்டீங்க? பொங்கலுக்குத்தான் புதுசு வாங்கினோம்."

"அது எப்பவும் ஆன்லயே இருக்கணும். தெரியும்ல?"

"ஆஃப் பண்ணினா கெட்டுப்பூடுமே!"

"கரெக்டு. எங்க வச்சிருக்கீங்க?"

"சமையக்கட்டுல."

"அங்கருந்து மோட்டாரு எத்தினி தூரம்?"

"நடுவுல ஒரு செவுருதான் பாய்."

"அப்ப கவலையே இல்ல. வெவரம் தெரிஞ்சவங்க வந்தா எங்களுக்கும் வேலை கம்மி."

பஸ்ஸுல திரும்பி வரும்போது நான் சீட்டுல சாஞ்சி உக்காந்த உக்காரலைப் பாத்திருக்கணும் நீங்க. வெவரம் தெரிஞ்சவ!

பழனி வந்து சந்துல ஸ்விட்ச்சை மாட்டினான். குட்டி லைட்டு ஒண்ணு சிமிட்டுச்சு. என் போன்ல ஏதோ எறக்கி, அமுக்கி, சுத்துச்சு சுத்துச்சு, கடைசியில இங்கிலீஷ்ல ஒரு வரி வந்துது. பழனி எழுத்துக்கூட்டிப் படிச்சான்.

"நோ… பிரிட்ஜ்… ஃபவுண்ட். பிரிட்ஜைக் காணோமாம்க்கா."

நாற்காலியில உக்காந்திருந்த எங்க வீட்டுக்காரருக்குக் கோவம் வந்துடுச்சு. ஊனுகோலைத் தூக்கிக் காட்டினாரு. "எதிர்ல எருமை மாதிரி நிக்குது, காணோங்குதா? கண்ணு தெரியலியா அதுக்கு?"

"கதவைத் தொறந்து வச்சிப் பாக்கலாமா மாமா?"ன்னான் பழனி.

தொறந்தோம். காணோம்.

"உள்ள சாமானை ஜாஸ்தி அடைச்சி வச்சிக்கிறா இவ. சிக்னலு எப்பிடிப் பூரும்?"

தேங்கா மூடியிலருந்து முந்தாநாள் காரக்கொழம்பு வரைக்கும் எல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சேன். பழனி முன்னாடி அந்தக் காரக்கொழம்பை எடுக்கத்தான் கொஞ்சம் கூச்சமா இருந்துது. அப்பவும் காணோம்.

"செவுரு தடுக்குது. கிட்டக்க இழுங்க"ன்னு உத்தரவு போட்டாரு.

அடியில கோணியைப் போட்டு, நான் ஒரு பக்கம், பழனி ஒரு பக்கம் புடிச்சி, பின்கதவு வரைக்கும் இழுத்துகினு போனோம். மேல இட்லி மாவு குண்டான் இருந்தது ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. அதுவா எறங்கி வந்து ஞாபகப்படுத்துச்சு. பழனி தோளுல பாதி, தரையில பாதி.

மாவோட மாவா நின்னு, எக்ஸ்டென்ஷன் பொட்டி போட்டு பிரிட்ஜை ஆன் பண்ணினோம். வாசக்கால் அளவுக்கு எடுத்துத் தச்ச மாதிரி கச்சிதமா அடைச்சிகினு நின்னுது.

நோ பிரிட்ஜ் ஃபவுண்ட்.

கார்த்திக்கு வீடியோ கால் போட்டேன். அன்னிக்குன்னு பாத்து மீட்டிங்ல இருந்தபடியே எடுத்துட்டான்.

"அம்மா, ஏம்மா பிரிட்ஜ் வாசப்படியில நிக்குது? பழனி அண்ணன் ஏன் வெள்ளையா இருக்காரு?"

"ஜிக்பீக்கு பிரிட்ஜ் வேணுமாமேடா! காட்டுறோம் காட்டுறோம், கண்டுக்கவே மாட்டுது."

சிரிச்சான் பாருங்க! அவன் பின்னாடி இன்னும் யாரு யாரோ சிரிக்கிறாங்க.

"அது இந்த பிரிட்ஜ் இல்லம்மா! பாலம், பாலம்!"

"பாலமா? கோமுகி ஆத்துல இருக்கிறதா?"

"ஐயோ, ஒரு சின்ன வெள்ளை டப்பாம்மா. ஸ்விட்ச்சு சொல்றத வாங்கி போனுக்குச் சொல்லும், போன் சொல்றத ஸ்விட்ச்சுக்குச் சொல்லும்."

எங்க வீட்டுக்காரர் கபால்னு புடிச்சிகினாரு. "கோள்மூட்டின்னு சொல்லு. வூட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குதே, இன்னாத்துக்கு வேற?"

யாரைச் சொன்னாருன்னு நான் கேக்கலை. கையில மாவு துடைக்கிற துணி இருந்துது.

பாய்க்குப் போன் பண்ணினேன்.

"பாய், நீங்க சொன்னது எந்த பிரிட்ஜ்?"

"அம்மா… நீங்க சொன்னது எந்த பிரிட்ஜ்?"

அப்புறம் பாயே டப்பாவைக் குடுத்து அனுப்பினாரு. உள்ளங்கை அளவுதான். இதுக்கா எருமையை இழுத்தோம்! மாட்டினதும் எங்க வீட்டுக்காரர் நாற்காலியில உக்காந்தபடியே போனைத் தொட்டாரு. பின்னாடி மோட்டார் உறுமுச்சு! எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இனிமே இந்த மனுஷன் அந்தப் படியில கால் வைக்கவே வேண்டாம்.

மறுநாள் காலையில போனைத் தொட்டாரு, மோட்டார் ஓடுச்சு. உடனே ஊனுகோலை எடுத்துகினு எழுந்திரிச்சாரு.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"மோட்டார் ஓடுதான்னு பாத்துட்டு வரேன்."

"அதான் போன்ல ஓடுதுன்னு காட்டுதே!"

"போனு ஆயிரம் சொல்லும்மே. தண்ணி ஏறுதான்னு நேர்ல பாக்க வாணாமா?"

அடுப்புல பால் பொங்குது, ஓடிப் புடிக்கவும் முடியலை. டக்கு டக்குன்னு பின்கதவுப் பக்கம் போனவரு, அப்படியே நின்னுட்டாரு. பிரிட்ஜை இன்னும் பழைய எடத்துக்கு நகத்தலை. இந்தப் பக்கம் நுழையப் பாத்தாரு, அந்தப் பக்கம் நுழையப் பாத்தாரு. அப்புறம் பிரிட்ஜ் கதவைத் தொறந்து, மோரை எடுத்துக் குடிச்சிட்டு, திரும்பி வந்து உக்காந்துட்டாரு.

சாயங்காலம் நகத்தித் தரேன்னு பழனி போன் பண்ணினான். அவரு ஊனுகோலை விடுற வரைக்கும் இந்தப் பக்கமே வராதேன்னுட்டேன். சந்துல கூட்டணும்னா நான் முன்வாசல் வழியா சுத்திப் போறேன்.

ஜிக்பீக்கு பிரிட்ஜ் கட்டாயம் வேணும்னு பாய் சொன்னது சரிதான்.