வாழைப்பழம் மட்டும் பெல்ட் போட்டிருந்தது

என் பிள்ளைக்குப் பொய் சொல்லவே தெரியாது என்று அம்மா ஒரு காலத்தில் மணவாள நகர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பெருமை அடித்துக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் நான் தினமும் இரண்டு வேளை, காலையும் மாலையும், கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். மனிதர்களிடம் இல்லை. என் காரிடம்.

அப்போது பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தேன். நல்ல கார்தான். ஆனால் பெல்ட் போடாமல் கிளப்பினால் 'கீங் கீங்' என்று கத்த ஆரம்பித்துவிடும். சீட் கவர் மாட்டப் போன இடத்தில் கடைக்காரரிடம் புலம்பினேன். "இன்னா சார், இதுக்குப் போயி பேஜாராவுற? இத்த சொருவிடு, கம்முனு கெடக்கும்" என்று ஒரு இரும்பு நாக்கை எடுத்துக் கொடுத்தார். பெல்ட்டின் நுனியில் இருக்குமே, அதே நாக்கு. பெல்ட் மட்டும் கிடையாது. அதைப் பூட்டில் செருகிவிட்டால் ஐயா பெல்ட் போட்டுவிட்டார் என்று கார் நம்பிவிடும். (அதே கடைக்காரர் கவர் மாட்டும்போது பின்சீட்டின் நடு பெல்ட்டை அப்படியே கவருக்கு அடியில் புதைத்துவிட்டார். அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.)

இதில் என்ன கேவலம் என்றால், நான் செய்த வேலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நான் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் எங்கே, ஷூ எங்கே என்று ஊரை மிரட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். 'ஒரு நொடி மாட்டினால் நூறு வயது கூட்டலாம்' என்று பெல்ட்டைப் பற்றி நான் எழுதிய வாசகத்துக்கு ஹாட்பாக்ஸ் பரிசு கொடுத்து, அதை கம்பெனி பஸ்ஸின் பின்பக்கம் ஒட்டியும் இருந்தார்கள். பல நாள் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே, பெல்ட் போடாமல், என் வாசகத்தை நானே படித்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன்.

எனக்கு முப்பத்திரண்டு வயது முடிந்திருந்தது. பதினோரு இடம் தட்டிப்போயிருந்தது. பன்னிரண்டாவதாக, பெரியபாளையத்தை அடுத்த ஆரணியிலிருந்து ஒரு போட்டோ வந்தது. பெயர் தேவகி. அந்த போட்டோவைப் பார்த்த அன்றைக்கு நான் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன் என்று அம்மா சொல்வாள். உண்மையில் எத்தனை தோசை என்றே எனக்கு ஞாபகம் இல்லை. இந்த இடம் மட்டும் கைநழுவிப் போய்விடக் கூடாது என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கக் கிளம்பினோம். நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் பெண் வந்து காபி கொடுத்துவிட வேண்டும். ஒற்றைப்படையில்தான் போக வேண்டும் என்று அம்மாவின் தம்பி கஜா மாமா அடம்பிடித்ததால் ஐந்து பேர். முன்னால் நானும் மாமாவும். பின்னால் அம்மா, மாமாவின் மனைவி அத்தை, என் அக்கா. அதோடு பூ, பழம், வெற்றிலை பாக்கு அடுக்கிய தாம்பாளம். தட்டு கவிழ்ந்தால் அபசகுனம் என்று அம்மா அதற்கு ஜன்னலோர சீட்டைக் கொடுத்து, பெல்ட்டை இழுத்து அழகாக மாட்டிவிட்டாள். பெண்கள் மூவரும் மிச்சமிருந்த இடத்தில் ஒருவர் மடியில் ஒருவர் பாதியாக நெருக்கியடித்துக்கொண்டார்கள்.

பெரியபாளையம் தாண்டியபோது மாமா சாவகாசமாக ஆரம்பித்தார்.

"பொண்ணுக்கு இன்னா வேலைன்னு கேட்டியாடா மாப்ள?"

"ஏதோ கம்பெனின்னு அம்மா சொன்னாங்க."

"ஏதோ கம்பெனியா? கார் பெல்ட்டு செய்யற கம்பெனிடா. அது செக் பண்ணி கையெழுத்து போட்டாத்தான் பெல்ட்டு வெளியவே போவும். நீ சேஃப்டி ஆபீசருன்னு சொன்னப்புறந்தான் உன் போட்டோவயே கைல எடுத்துச்சாம்!"

ஆரணிக்குள் நுழைந்ததும், அவர்கள் தெருமுனையில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக வண்டியை நிறுத்தினேன். இரும்பு நாக்கைப் பிடுங்கி எறிந்தேன். (எங்கே எறிந்தேன் என்று பார்த்திருக்கலாம்.) இரண்டு வருடமாகத் தொடாத பெல்ட்டைத் தம் கட்டி இழுத்து, அவசர அவசரமாகப் பூட்டில் சொருகினேன். மாமா வற்புறுத்தி என் தோளில் போட்டிருந்த பட்டு அங்கவஸ்திரத்தின் ஜரிகை ஓரமும் கூடவே உள்ளே போனதை நான் கவனிக்கவில்லை. உலகத்திலேயே பொறுப்பான மனிதனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் தெருவுக்குள் போய்ச் சேர்ந்தேன். மணி நான்கு.

வாசலில் தேவகியின் அப்பா நின்றிருந்தார். நெல் விவசாயம் செய்கிறவர். கைகூப்பி, "வாங்க மாப்ள, எறங்குங்க" என்றார். எல்லோரும் இறங்கினார்கள். நான் பூட்டிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அது அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். பெல்ட் இன்னும் ஒரு சுற்று இறுகி என்னை சீட்டோடு ஒட்டவைத்தது.

"நீங்க போங்க, நான் இதோ வர்றேன்" என்று சிரித்தபடி கண்ணாடியைத் துடைப்பதுபோல் நடித்தேன். ஐந்து நிமிடம் துடைத்தேன். அந்தக் கண்ணாடி வாங்கிய நாளிலிருந்து அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. மாமா திரும்பி வந்து ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இன்னாடா, மாப்ள முறுக்கா? எறங்கி வாடா!"

"மாமா, மாட்டிக்கிச்சு."

"இன்னா மாட்டிக்கிச்சு?"

"நானு."

மாமாவுக்கு ரகசியம் என்றால் என்னவென்றே தெரியாது. அடுத்த நிமிடம் தெருவே காரைச் சுற்றி நின்றது. தேங்காய் எண்ணெய் ஊற்றச் சொன்னார் ஒருவர். சீட்டையே கழற்றி மாப்பிள்ளையோடு உள்ளே தூக்கிப் போய்விடலாம் என்றார் இன்னொருவர். அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. ஆள் பிடிக்கவே தொடங்கிவிட்டார். எதிர்வீட்டு அம்மா கத்தரிக்கோலோடு ஓடிவர, என் அம்மா குறுக்கே பாய்ந்தாள்.

"ஐயோ, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல கத்தரியா? வெட்டுற பேச்சே வேணாம்!"

மணி நாலு பதினெட்டு. நான் இழுக்க இழுக்க பெல்ட் இறுகிக்கொண்டே வந்தது. வியர்வையில் சட்டை தொப்பலாகிவிட, ஏசி ஓடட்டும் என்று வண்டியைக் கிளப்பி வைத்திருந்தேன். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குள் வர முடியாவிட்டால் என்ன, பெண் வெளியே வரட்டும், நேரம் தவறக் கூடாது என்று முடிவானது.

தேவகி வந்தாள். அரக்குப் புடவை. கையில் ஒரே ஒரு காபி டம்ளர் வைத்த தட்டு. தலை குனிந்து வருவாள் என்று நினைத்திருந்தேன். அவள் குனிந்துதான் வந்தாள், கார் ஜன்னல் தாழ்வாக இருந்ததால். காபியை நீட்டினாள்.

"மொதல்ல குடிடா, டைமு ஆவுது!" என்று கத்தினார் மாமா. கொதிக்கக் கொதிக்க ஒரே மூச்சில் விழுங்கினேன். நாக்கு வெந்துவிட்டது. பெண் எப்படி என்று அப்போது கேட்டிருந்தால் "த்தூ த்தூ" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெல்ட்டைப் பார்த்தாள். தட்டை என் அக்காவிடம் கொடுத்தாள். சுற்றி வந்து, கதவைத் திறந்து, என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"இழுக்காதீங்க. வெடுக்குனு இழுத்தா அது புடிச்சிக்கும். அதுக்குத்தான் அத்த செஞ்சிருக்கோம். சாஞ்சி உக்காருங்க."

சாய்ந்தேன். அன்று அவள் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடச் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன். பெல்ட் தளர்ந்தது. பெல்ட்டின் நாக்கைப் பூட்டுக்குள் அழுத்தி, மறுகையால் அங்கவஸ்திர ஓரத்தைப் பூத்தொடுக்கும் பொறுமையோடு இழுத்தாள். வரவில்லை. சீட்டு இடுக்கில் விரலை விட்டுத் துழாவினாள். அப்போது அந்தச் சனியன் அவள் கையில் கிடைத்தது.

இரும்பு நாக்கை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது இன்னாங்க?"

"சாவிக்கொத்துங்க."

"சாவி எங்க?"

அம்மா சொன்னது ஒருவகையில் உண்மைதான் என்று அப்போது புரிந்தது. மனிதர்களிடம் எனக்குப் பொய் சொல்ல வராது.

"பொய்ங்க. வண்டி கத்துதுன்னு அத்த சொருவி வச்சிருந்தேன். ரெண்டு வருஷமா பெல்ட் போட்டதே இல்ல. இன்னிக்கி உங்க தெருமுனைலதான் போட்டேன். உங்களுக்கு என்னிய புடிக்கணும்னு."

அவள் ஜரிகை ஓரத்தை மெல்ல இழுத்தபடி மறுபடி அழுத்தினாள். 'க்ளிக்'. விடுதலை. பெல்ட் சுருண்டு மேலே போனது. போகும்போது, தோளிலிருந்து இடுப்புவரை என் புது வெள்ளைச் சட்டையில் இரண்டு வருட அழுக்கைக் குறுக்கே பட்டையாக விட்டுப் போனது.

"அது சட்டயப் பாத்தாலே தெரியுதுங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கார் 'கீங் கீங்' என்று கத்த ஆரம்பித்தது. இரண்டு வருடமாக வாயை அடைத்து வைத்த கோபத்தை எல்லாம் சேர்த்து, அத்தனை பேர் முன்னிலையிலும் கத்தித் தீர்த்தது. தேவகி பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அமளியில் யாரும் இறக்காத தாம்பாளம் பெல்ட்டோடு கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"இந்த வண்டில ஒழுங்கா பெல்ட் போட்டுனு வந்தது வாழப்பழம் ஒண்ணுதான் போல" என்று சொல்லிவிட்டு இறங்கி உள்ளே போய்விட்டாள். மணி நாலு இருபத்தாறு.

காபி கொடுத்தாகிவிட்டது. ஆனால் ராகு காலத்தில் சம்மதம் சொல்லக் கூடாதாம். ஆறு மணி வரை நான் அந்த வீட்டுக் கூடத்தில், நெஞ்சில் அழுக்குப் பட்டையோடு, பன்னிரண்டாவது தோல்விக்காகக் காத்திருந்தேன். கேசரி கொடுத்தார்கள். வெந்த நாக்குக்கு ருசி தெரியவில்லை. அம்மா என் பக்கமே திரும்பவில்லை. உள்ளே அவ்வப்போது பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சிரிப்பும் எனக்குத்தான் என்று தெரியும். இருந்தாலும் அதில் ஒன்று அவளுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆறு அடித்ததும் அவள் அப்பா தொண்டையைச் செருமினார்.

"பாப்பாவுக்கு சம்மதம். கேட்டதும் உண்மய சொல்லிட்டாராம், அது போதுமாம். ஆனா ஒரு கண்டிஷன். இப்ப ஊட்டுக்குப் போவும்போது வண்டில குந்தற அத்தினி பேரும் பெல்ட் போட்டுனு போவணுமாம். அது வாசல்ல நின்னு பாக்குமாம்."

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் தலையாட்டியதில்லை. அந்தச் சந்தோஷம் கார் வரைக்கும்தான் நீடித்தது. தேவகி பின்சீட்டில் கையை விட்டுப் பார்த்தாள்.

"நடு பெல்ட் எங்க?"

"கவருக்குள்ள... புதைஞ்சி போச்சுங்க."

"அப்ப நாலுதான் இருக்குது. நீங்க அஞ்சு பேரு."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அக்கா மெல்ல முன்சீட்டுக்குப் போய் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அம்மாவும் அத்தையும் பின்னால் ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்தார்கள். மாமா தெருவில் நின்றார்.

"ஏம்மா, நாந்தாம்மா இந்த சம்பந்தத்தயே கொண்டாந்தவன்" என்றார் பரிதாபமாக.

"நைனா, இவர பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் உட்டுட்டு வா" என்றாள் தேவகி.

மாமா அவள் அப்பாவின் பைக்கில் (ஹெல்மெட்டோடு) போய், பஸ் பிடித்து, பெரியபாளையத்தில் வேறு பஸ் மாறி, எங்களுக்கு இரண்டு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து எந்த விசேஷமானாலும், "என்னிய பஸ்ல ஏத்தி உட்டுட்டுத்தான் இவன் பொண்டாட்டிய புடிச்சான்" என்றுதான் அவர் பேச்சே ஆரம்பிக்கும். எங்கள் கல்யாணத்தில் என் அங்கவஸ்திரத்தையும் அவள் புடவைத் தலைப்பையும் முடிச்சுப் போட்டபோது, "க்ளிக் ஆச்சான்னு பாத்துக்கம்மா!" என்று மண்டபமே அதிரக் கத்தினார். தேவகி சிரிக்காமல் முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள். அந்த வீடியோவை எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் பார்க்காமல் போக முடியாது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்.

போன மாதம் மாமாவின் மகனுக்குப் பெண் பார்க்கக் கடம்பத்தூர் போனோம். எங்கள் குடும்பத்தில் இப்போதெல்லாம் யாரும் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று கேட்பதில்லை. எத்தனை பெல்ட் என்றுதான் கேட்பார்கள். கவரைக் கழற்றி நடு பெல்ட்டை மீட்டு எத்தனையோ காலமாகிறது, எண்ணிப் பார்த்தால் சரியாக ஐந்து. மாமா, அத்தை, பையன், நான், தேவகி, கணக்கு சரியாக இருந்தது. கிளம்பும் நேரத்தில் அத்தை பூவும் பழமும் அடுக்கிய தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தேவகி தட்டைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

"நீ வாழப்பழத்த ஏத்திக்கினு வாம்மா. நான் பஸ்ல வந்துர்றேன்."