சளி பிடிக்காத ஆய்வாளர்

என் மச்சான் டேவிட் ஒரு புளுகன். ஊரில் என் மானம் போனதற்கு அவன்தான் காரணம். (நானும்தான். அப்புறம் அதற்கு வருகிறேன்.)

ஆம்பூரில் ஒரு சின்ன அறிவியல் மாத இதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். செய்தியின் உண்மையைச் சரிபார்ப்பது எப்படி என்று, அறிவியல் நிருபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆன்லைனில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. நாற்பது பேர். நன்றாகச் செய்தால் 'இது உண்மையா?' என்ற புதிய பகுதி எனக்குத்தான் என்று எங்கள் ஆசிரியர் சொல்லியிருந்தார். சொந்த ஊரில் உலவும் ஒரு தகவலை எடுத்து, அதை முதலில் சொன்னவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் பரீட்சை.

'தோல் ஷாப்பில் வேலை செய்பவர்களுக்குச் சளி பிடிக்காது. அந்த வாடையே கிருமியைக் கொன்றுவிடும்.' இதை எடுத்தேன். (தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் தோல் ஷாப் என்று பெயர்.) வாட்ஸ்அப்பில் இது வராத வீடே எங்கள் பக்கம் இல்லை.

இரண்டு நாள் வெறி பிடித்தாற்போல் தேடினேன். வாட்ஸ்அப்பிலிருந்து ஒரு யூடியூப் வீடியோ, அங்கிருந்து ஒரு இணையதளம். எல்லாவற்றிலும் 'வேலூர் ஆய்வாளர் ஒருவர்' வந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. திருடனை நெருங்கிவிட்ட போலீஸ்காரன் மாதிரி கை பரபரத்தது. கடைசி லிங்க் கிடைத்ததும் திறக்காமல் வைத்தேன். நாற்பது பேர் முன்னால் திறந்தால்தானே கெத்து.

மூன்றாம் நாள். "இந்தப் புளுகை முதல்ல எழுதின ஆளோட மூஞ்சியை எல்லாரும் நல்லா பாத்துக்குங்க" என்று சொல்லித் தட்டினேன்.

எங்கள் இதழின் பழைய பக்கம் திறந்தது. மூலையில் ஒரு பெட்டிச் செய்தி. அடியில் என் பெயர். பக்கத்தில் என் மூஞ்சி. (பக்கம் நிரம்பவில்லை என்று அவசரத்தில் எழுதியது. சத்தியமாக மறந்துபோயிருந்தேன்.)

பயிற்சி கொடுத்த அம்மா சிரிக்கவில்லை. "அந்த ஆய்வாளர் யார் சார்?"

பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி முந்திக்கொண்டாள். "என் தம்பிதான் மேடம். தோல் ஷாப்ல சூப்பர்வைசர்."

"அப்போ அவருக்கே போன் போடுங்க சார். ஸ்பீக்கர்ல."

டேவிட் எடுத்தான். "இன்னா மாமா? அப்புறம் பேசறேன். நாலு நாளா சளி, மூக்கு ஒழுகி ஒரே பேஜாரா கீது."

"டேய், தோல் ஷாப்காரனுக்கு சளி பிடிக்காதுன்னு நீதானடா சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? யாரோ சொன்னாங்கன்னு சொன்னேன்."

திரையில் இருந்த கட்டங்களில் எல்லாம் ஆட்கள் சிரித்துக் குலுங்கினார்கள். புதிய பகுதி, அதே வகுப்பில் இருந்த எங்கள் வாலாஜாபேட்டை நிருபருக்குப் போனது. அவள் எழுதிய முதல் கட்டுரையே என்னைப் பற்றித்தான்.

இன்றும் வீட்டில் யார் தும்மினாலும், "ஆய்வாளருக்குப் போன் போடு" என்கிறாள் மனைவி.

விசாரிக்காமல் எழுதியது என் தப்பு. அதை அச்சிலேயே ஒப்புக்கொண்டேன். டேவிட், நீ? யாருடா அந்த யாரோ? வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அறிவிப்பு சொல்லும் மைக்கைப் பிடித்து, சபை முன்னால் பெயரைச் சொல்.