மாமனாருக்கு நான் காட்டிய தூபம்

எந்த ஊரிலும் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தால், முதல் கூட்டத்துக்கு வராதவன் தலையில்தான் காரியதரிசிப் பதவியைக் கட்டுவார்கள். எங்கள் ஊர் தேனீ வளர்ப்புச் சங்கத்தின் முதல் கூட்டத்தன்று நான் சட்டைத் துணி எடுக்க அரியலூர் போயிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நான் காரியதரிசியாகியிருந்தேன். தேனீக்கும் வீட்டு ஈக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாத காலம் அது. (பிற்பாடு தெரிந்தது. மூக்கு நுனியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தன.)

யுத்த காலம். சீனிக்கு ரேஷன். கோயிலுக்கு மெழுகுவத்தி வருவதும் நின்றுபோனது. திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையோரமாக இருந்த எங்கள் கிறிஸ்தவக் கிராமத்துக்கு இரண்டுமே பெரிய கஷ்டங்கள். விவசாய இலாகாவிலிருந்து ஒருவர் வந்து, "பெட்டியில தேனீ வளத்துப் பாருங்க, தேனும் ஆச்சு, மெழுகும் ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். தேனுக்கு ஊராரும் மெழுகுக்குச் சாமியாரும் ஆசைப்பட்டதில் சங்கம் பிறந்தது. (எங்கள் பக்கத்தில் பாதிரியாரைச் சாமியார் என்போம். காவி உடுத்தியவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

சங்கத்துக்கு மொத்தம் மூன்று பெட்டிகள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூடுவோம். பெட்டியை யார் திறப்பது என்று விவாதிப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். கடைசியில் எல்லோரும் காரியதரிசியைப் பார்ப்பார்கள். தலைவர், அதாவது எங்கள் தலைமையாசிரியர், இருபது அடி தள்ளி வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு, "பயப்படாம செய்ப்பா" என்று எனக்குத் தைரியம் சொல்வார். அவர் பள்ளியில் நான் உதவி ஆசிரியர். செய்யாமல் என்ன பண்ணுவது?

பெட்டியைத் திறக்குமுன் புகை காட்ட வேண்டும். அப்போதுதான் பூச்சி சாந்தப்படும். புகை போடும் கருவி திருச்சியிலிருந்து வரவேண்டியது, யுத்தம் முடிந்தால்தான் வரும் என்றார்கள். கோயில் உபதேசியார் சவரியப்பன் எங்கள் சங்கத்து மெம்பர். அவர் சக்கிரீஸ்தில், அதாவது பீடத்துக்குப் பக்கத்தில் பூசைச் சாமான் வைக்கிற அறையில், மூலையில் கிடந்த ஒரு பழைய தூபக் கலசத்தை எடுத்துவந்து கொடுத்தார். சாம்பிராணி போட்டுச் சங்கிலியைப் பிடித்து ஆட்டுவார்களே, அதேதான். நாங்கள் தேங்காய் நார் போட்டோம். நான் கலசத்தை ஆட்டிக்கொண்டே பெட்டியைச் சுற்றி வருவேன். அதற்குமேலும் பூச்சி பறந்தால், மழை என்று நினைத்து அடங்கட்டும் என்று தண்ணீர் தெளிப்பேன். புகை, சுற்று, தண்ணீர். கொஞ்ச நாளில் இது எனக்குக் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. என் அழிவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் செந்துறைப் பக்கத்திலிருந்து எனக்குப் பெண் அமைந்தது. பெயர் லூர்து. பெண் பார்க்கப் போனபோது காப்பி கொடுக்க வந்தவள், மற்றவர்கள் அசந்த நேரம் பார்த்து, "தேனீ உங்களக் கொட்டாதா?" என்று மெல்லக் கேட்டாள். "என்னைக் கொட்டாது" என்றேன். முதல் நாளே பொய். அவள் சிரித்தாள். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் சாமியாராகப் போய்விடுவது என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

ஆனால் அவள் அப்பா ஞானப்பிரகாசம் லேசுப்பட்டவர் இல்லை. பெரிய மீசை. அதைவிடப் பெரிய குரல்.

"வாத்தியார் வேலைன்னு சொன்னாங்க, சரி. பூச்சி வளக்குறதா வேற சொல்றாங்களே? ஆடு வளக்கலாம், மாடு வளக்கலாம். பூச்சிய எவனாச்சும் வளப்பானா?"

"சங்கத்துப் பூச்சிங்க மாமா" என்றேன்.

"எந்தச் சங்கத்துப் பூச்சியா இருந்தா என்ன? பூச்சிப் பொட்டி இருக்குற வூட்டுல எம் பொண்ணு காலு வெக்கமாட்டா. மூணாவது ஓலைக்கு நானே நேர்ல வர்றேன். பொட்டி கண்ணுல பட்டுச்சு, அங்கயே எந்திரிச்சு வேணாம்னு சொல்லிடுவேன்."

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். ஊர் முன்னால் பெண்ணின் அப்பாவே எழுந்து வேண்டாம் என்றால், அப்புறம் அரியலூர் தாண்டியும் எனக்குப் பெண் கிடைக்காது. எனக்கு வேறு பெண் வேண்டவும் வேண்டாம்.

மூன்று பெட்டிகளில் ஒன்று என் வீட்டுக் கொல்லையில் இருந்தது. சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் வீட்டில் எருமை கன்று போட்டிருந்தது. இன்னொருவர் மனைவி முழுகாமல் இருந்தாள். மற்றவர்களுக்கும் திடீர் திடீரென்று குடும்பக் கஷ்டங்கள் முளைத்தன. கடைசியில் சவரியப்பன்தான் கைகொடுத்தார்.

"சக்கிரீஸ்துல வெச்சுக்கலாம் தம்பி. ஒரு ராத்திரிதானே? பூசை முடிஞ்சதும் தூக்கிடலாம். சாமியாருக்கு நான் சொல்லிக்கிறேன்." (சொல்லவில்லை.)

சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் பெட்டியின் வாசலில் துணியை அடைத்துச் சுமந்துபோய் வைத்தோம். மாமனாரும் அவர் தங்கை அன்னம்மாளும் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள். மாமனார் வீட்டை, கொல்லையை, கோழிக்கூட்டைக்கூட எட்டிப் பார்த்தார். திருப்தியாகி, வெற்றிலை போட்டுக்கொண்டு, "பரவால்லியே" என்றார். அன்று ராத்திரி நான் ராஜா மாதிரி தூங்கினேன்.

மறுநாள் பாடற்பூசை. மாமனாருக்கு மரியாதையாக முன்வரிசைக்கும் முன்னால் தனி நாற்காலி. நாங்கள் எல்லோரும் தரையில். சவரியப்பன் இளகிய மனசுக்காரர். புழுக்கத்தில் பூச்சிகள் தவிக்குமே என்று காலையில் போய் அடைத்த துணியை எடுத்துவிட்டிருக்கிறார். அதோடு விட்டாரா? அதே அறையில், பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பூசைக்கான தூபக் கலசத்தில் கரி பற்றவைத்துச் சாம்பிராணியும் போட்டிருக்கிறார். நம் நாட்டுத் தேனீக்கு ரோஷம் அதிகம். இடம் பிடிக்கவில்லை என்றால் இருக்கிற தேனை வயிறு முட்டக் குடித்துவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பிவிடும்.

சாமியார் ஓலையை எடுத்தார். "சூசைமாணிக்கத்துக்கும் லூர்து மேரிக்கும் மூன்றாம் முறையாக..." என்று ஆரம்பித்தபோது சக்கிரீஸ்துக் கதவிலிருந்து ஒரு கருமேகம் வெளியே வந்தது. பீடத்தை ஒரு சுற்று சுற்றியது. சாமியார் தலையைக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார். கிட்டப்பார்வை அவருக்கு, காதும் கொஞ்சம் மந்தம். ராணித் தேனீ எங்கே உட்காருகிறதோ அங்கேதான் மொத்தக் கூட்டமும் உட்காரும். அந்த ராணி, அத்தனை பெரிய கோயிலில், என் மாமனாரின் தோள்துண்டைத் தேர்ந்தெடுத்தது.

நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருந்திருக்கலாம். அதுதான் முடியவில்லை. துள்ளி எழுந்து, "யாரும் அசையாதீங்க! நம்ம சங்கத்துப் பூச்சிதான்!" என்று கத்தினேன்.

மாமனாரின் கண்கள் என் பக்கம் திரும்பின. அதற்குள் தேனீக்கள் தோளிலிருந்து கழுத்துக்கு ஏறி, மீசையில் கொத்தாகத் தொங்க ஆரம்பித்திருந்தன. உதட்டை அசைக்க வழியில்லை. சரியாக அந்த நேரத்தில்தான் சாமியார், "தடை அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம்" என்று கேட்டுவிட்டு, வழக்கப்படி நிறுத்தினார். கோயிலே கப்சிப். மாமனாரின் கண்களில் ஆயிரம் வார்த்தைகள் இருந்தன. வாயில் ஒன்றும் வரவில்லை. "சரி" என்று சாமியார் ஓலையை மடித்து வைத்தார்.

எனக்கு மூளை நின்றுபோய்க் கை மட்டும் வேலைசெய்தது. சவரியப்பன் கையிலிருந்த கலசத்தைப் பிடுங்கினேன். மாமனாரைச் சுற்றி வந்து புகை காட்டினேன். போதாது. பூசைத் தொடக்கத்தில் தெளித்த தீர்த்தச் செம்பு பீடத்தின் ஓரத்தில் இருந்தது. அதையும் எடுத்து, இன்னொரு சுற்று சுற்றி வந்து தெளித்தேன். புகை, சுற்று, தண்ணீர். சங்கத்தில் கற்ற முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

எங்கள் கோயிலில் ஒருவரைச் சுற்றி வந்து தூபம் காட்டித் தீர்த்தம் தெளிப்பது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். அவரைக் கல்லறைக்குத் தூக்குவதற்கு முன்னால். இது எனக்கு ஞாபகம் வந்தது அன்னம்மாள் அத்தையின் குரல் கேட்டபிறகுதான்.

"ஐயோ! எங்க அண்ணனுக்கு உசுரோட அடக்கப்பூசை பண்றானே! கேப்பாரே இல்லையா!"

மார்பில் அடித்துக்கொண்டு அவர் ஒப்பாரியை எடுக்க, என்ன ஏதென்று தெரியாமல் பின்வரிசைப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மாமனார் கைகளை மடியில் கோத்து, அசையாமல், நெற்றியில் தீர்த்தம் வழிய உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொன்னால், பார்வைக்கும் அப்படித்தான் இருந்தது.

சாம்பிராணியோ, தீர்த்தமோ, ஒப்பாரியோ, எது பிடிக்கவில்லை என்று தெரியாது. தேனீக்கள் எழும்பி வாசல் வழியாகக் கொள்ளிடத்துப் பக்கம் போய்விட்டன. சங்கத்தின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மாமனாரை ஒன்றுகூடக் கொட்டவில்லை. போகிற போக்கில் அத்தனையும் என் முகத்தில்தான் கணக்குத் தீர்த்தன.

பூசை முடிந்ததும் மாமனார் சாமியாரைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஓலையக் கிழிங்க சாமி! இந்தக் கல்யாணம் வேணாம்!"

"கேட்டப்ப சும்மா இருந்துட்டு இப்ப வந்து சொல்றீங்களே?"

"வாயெல்லாம் பூச்சி சாமி!"

"தலைய ஆட்டியிருக்கலாமே" என்றார் சாமியார். சங்கத்து மெழுகில் அவருக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது என்று நினைக்கிறேன்.

எனக்கு அழுகை வந்தது. சங்கமும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமனார் முன்னால் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருப்பா நீ?" என்றார்.

நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை. ஒரு கண் மூடிவிட்டது. மூக்கு இருந்த இடத்தில் பணியாரம் இருந்தது. "நாந்தாங்க மாமா, மாப்பிள்ளை" என்று சொல்ல நினைத்தேன். உதடு வீங்கிப்போய், "நாந்தாங்க, நாப்பிள்ளை" என்று வந்தது. அதுவரை தலைவிரிகோலமாக அழுதுகொண்டிருந்த அன்னம்மாள் அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். களுக்கென்று சிரித்துவிட்டார். மாமனார் மீசையைக் கடித்து அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. அந்தப் பெரிய குரலில் அவர் சிரித்த சிரிப்பில் கோயில் கோபுரத்துப் புறாக்கள் பறந்தன.

"வீக்கம் வடியட்டும்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த மூஞ்சியோட தாலி கட்ட வந்தா எம் பொண்ணு பயந்து ஓடிடுவா."

அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் மாமனார், "எனக்கென்னப்பா தெரியும், என்னயத்தான் மாப்பிள்ள அப்பவே அடக்கம் பண்ணிட்டாரே" என்று ஒதுங்கிக்கொள்வார். பேரப்பிள்ளைகள் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லித்தான் சோறு தின்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அசையாமல் நடித்துக் காட்டவும் அவரே தயார்.

நிறைந்த வயதில் அவர் போனார். கோயிலில் அவரைக் கிடத்தி, புதிதாக வந்திருந்த சாமியார் தூபக் கலசத்தை ஆட்டிக்கொண்டு சுற்றி வந்தார். பிறகு தீர்த்தத்தை எடுத்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்த லூர்து என் பக்கம் சாய்ந்து, காதோடு சொன்னாள்: "இப்ப மீசையில பூச்சி இல்ல. வேணாம்னு சொல்லிடப்போறாரு, பாத்துக்குங்க."

நான் ஒரு கணம் நிஜமாகவே பயந்துபோய் மாமனாரின் வாயைப் பார்த்தேன்.