சம்பந்திக்கு, பதினேழு வேகத்தடைகள் குறித்து

இயேசு மரி சூசை துணை

மல்லிகை நகர், மூன்றாம் தெரு,
அரியலூர்.
திங்கள் காலை

மதிப்பிற்குரிய சம்பந்தி செபஸ்டின் அவர்களுக்கு இருதயநாதன் தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மதலேனம்மாளும் சுகம். பெரம்பலூரில் நீங்களும் சம்பந்தி அம்மாவும், மாப்பிள்ளை லியோ பிரபுவும், எங்கள் மகள் ஜெனிதாவும், அவள் வயிற்றில் இருக்கிறவரும் சுகமாக இருக்க அடைக்கல மாதாவை வேண்டுகிறோம். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர் நீங்கள். உங்கள் குரலைப் போனில் கேட்டாலே எனக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது. எழுந்து நின்றால் சொல்ல வந்தது மறந்துபோகிறது. நான் பத்தாம் வகுப்பைக் கண்ணால் பார்த்ததோடு சரி. அதனால் தப்புத்தவறு இருந்தால் சிவப்பு மையால் சுழிக்காமல் படிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். வளைகாப்பு முடிந்துவிட்டது, வருகிற வியாழக்கிழமை ஜெனிதாவைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே அனுப்புவதாகப் பேசியிருக்கிறோம். அதை ஒரு பத்து நாள் தள்ளிவைக்க முடியுமா? நான் இப்படிக் கேட்பது மதலேனம்மாளுக்குத் தெரியாது. அவள் அறைக்கு வெள்ளையடித்து, பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்துக் கிழித்து அடுக்கி, தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி மாட்டி, அந்தக் கொக்கியில் என்னைத் தொங்கச் சொல்லிப் பலம் பார்த்துவிட்டாள். கொக்கி நன்றாக இருக்கிறது. தெருதான் நன்றாக இல்லை. டாக்டரம்மா "புள்ள தல எறங்கியிருக்கு, குலுங்காம கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் எங்கள் தெருவைக் குலுங்கும் தெருவாக ஆக்கியது வேறு யாருமில்லை, நான்தான்.

எங்கள் மல்லிகை நகருக்குக் குடியிருப்போர் நலச் சங்கம் ஆரம்பித்தது உங்களுக்குத் தெரியும். நான் அதன் தலைவர் என்பதும் தெரியும், வளைகாப்பில் நானே மூன்று முறை சொன்னேன். எப்படித் தலைவரானேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. கூட்டத்தன்று ஒரு போர்வெல் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுத்துவிட்டுத் தாமதமாகப் போனேன். அதற்குள் வராத ஆளைத் தலைவராகப் போட்டு முடித்திருந்தார்கள். ஆனாலும் முதல் ஆறு மாதம் சங்கம் நல்ல காரியங்கள்தான் செய்தது. காலிமனைக் கருவேலம் புதரை வெட்டினோம், பாம்பு குறைந்தது. தெருவிளக்கு எரிந்தது. குப்பை வண்டி வாரம் இரண்டு முறை வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் மெயின் ரோட்டு நெரிசலுக்குப் பயந்து எங்கள் தெருவில் புகுந்து பறக்கின்றன. அதைத் தடுக்க வேகத்தடை போடலாம் என்று நான்தான் எழுந்து சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கைதட்டு வாங்கிப் பழக்கமில்லையா, கொஞ்சம் மயங்கிவிட்டேன்.

தெருவின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று செயலாளர் குருநாதன் தீர்மானம் எழுதினார். அவர் தாலுகா ஆபீசில் இருந்தவர், தும்மினாலும் தீர்மானம் எழுதுவார். கொத்தனார் வந்து தொடக்கத்தில் ஒன்றைப் போட்டார். உடனே தெருவின் நடுவீட்டு உரக்கடை அய்யாக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஏங்க தலைவரே, முத வூட்டுக்காரன் புள்ளைங்க மட்டும் உசுரு, எங்க வூட்டுப் புள்ளைங்க என்ன கோழிக்குஞ்சா?" அவர் வீட்டு வாசலில் ஒன்று போட்டோம். அடுத்து வளர்மதி டீச்சர். "மீட்டிங்குன்னா நாற்காலி எங்க வூட்லேருந்து வேணும், வேகத்தடைன்னா எங்க வூடு கண்ணுக்குத் தெரியாதா?" அங்கேயும் ஒன்று. யார் மனமும் கோணக்கூடாது என்று வீட்டுக்கு ஒன்றாகப் பதினாறு வீட்டுக்குப் பதினாறு போட்டோம். இதில் இன்னொரு சங்கடம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு வேகத்தடையைக் காலால் அளந்துவிட்டு "நமக்கு ஒரு சட்டி கலவை கூடப் போடுப்பா" என்று கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறார்கள். தெருத் தொடக்கத்தில் அம்மிக்கல் மாதிரி ஆரம்பித்து, போகப் போக உயர்ந்து, கடைசி வீட்டில் ஆட்டுக்குட்டி படுத்திருக்கிற உயரத்துக்கு வந்துவிட்டது. கடைசி வீடு எங்களுடையது. அங்கே இரண்டு. தலைவர் என்ற முறையில் ஒன்று கூடுதலாக இருந்தால் தப்பில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கு எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

லாரி நின்றதா என்றால், அதுதான் இல்லை. அவ்வளவு பெரிய சக்கரத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. காலி லாரி ஏறிக் குதிக்கும்போது எங்கள் வீட்டுப் பாத்திரங்கள்தான் இறங்கி வருகின்றன. லாரியைத் தவிர மற்ற எல்லாம் நின்றுவிட்டது. கேஸ்காரர் சிலிண்டரைத் தெருமுனையில் இறக்கிவிட்டு "உருட்டிக்கிட்டுப் போங்க சார்" என்கிறார். குப்பை வண்டி வருவதில்லை. ஆட்டோக்காரர்கள் எங்கள் நகர் பெயரைச் சொன்னாலே சாப்பிடப் போய்விடுகிறார்கள். நாளைக்கு இடுப்பு வலி எடுத்தால் ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும், வந்தாலும் ஜெனிதாவைப் படுக்கவைத்து எப்படி இந்தப் பதினேழையும் தாண்டும் என்று ராத்திரியெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

சரி, எவ்வளவுதான் குலுங்குகிறது என்று பார்த்துவிடுவோமென்று சனிக்கிழமை வெள்ளைச்சாமியின் ஆட்டோவைக் கெஞ்சிக் கூப்பிட்டு, ஒரு குடம் நிறையத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு தெருமுனையிலிருந்து வீடு வரை வந்தேன். மெதுவாகத்தான் ஓட்டினான். நாலாவது வீட்டில் சட்டை நனைந்தது, ஒன்பதாவது வீட்டில் வேட்டி நனைந்தது, கடைசியில் என் தலை ஆட்டோக் கூரையில் இடித்தது. "கொடத்துல ஏதாச்சும் மிச்சம் இருக்காடா?" என்று கேட்டேன். "கொடத்துல இல்லண்ணே, எல்லாம் ஒங்க மேலதான் இருக்கு" என்றான். மதலேனம்மாள் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த வயசுல எதுக்கு இந்த வேல?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். நான் வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

நேற்றுப் பூசை முடிந்ததும் அவசரக் கூட்டம் போட்டேன். எல்லா வேகத்தடையையும் எடுத்துவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யார் வீட்டிலிருந்து ஆரம்பிப்பது என்று குருநாதன் கேட்டார். அவ்வளவுதான். "எடுங்க, வேணாங்கல. பக்கத்து வூட்டுத மொதல்ல எடுங்க" என்று பதினைந்து பேர் சொன்னார்கள். "தலைவர் வூட்டுலதான் ரெண்டு இருக்கு, அங்கேருந்து வாங்களேன்" என்றார் அய்யாக்கண்ணு. நியாயம்தானே? நான் வீட்டுக்கு வந்து கடப்பாறையை எடுத்தேன். எங்கள் சங்கம் செய்ததிலேயே கலப்படமில்லாத வேலை இந்தக் கான்கிரீட் ஒன்றுதான் போலிருக்கிறது. நாலு குத்து குத்தியதில் அது அப்படியே இருக்கிறது, என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது இந்தக் கடிதத்தைக் குப்புறப் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆகையால் சம்பந்தி அவர்களே, பத்து நாள் அவகாசம் கொடுங்கள். பெண்ணைப் பொறந்த வீட்டுக்குக் கூட்டிப்போக வக்கில்லையா என்று சம்பந்தி அம்மா நினைத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். அவர்கள் நினைப்பது சரிதானோ என்ற பயம் இன்னொரு பக்கம். ஜெனிதாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம், அவள் சிரிப்பாள். சிரித்தாலும் குலுங்கும்.

உங்கள் வீட்டுக் கதவுக்குள் நோய்நொடி நுழையாமல், பிள்ளையும் தாயும் இரு உசுராகப் பிழைத்து எழுந்து வர அடைக்கல மாதா துணை இருப்பாளாக. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லவும்.

தாழ்மையுள்ள,
இருதயநாதன்
(தலைவர் என்று போட்டு அடித்துவிட்டேன்)

பின்குறிப்பு (செவ்வாய் மதியம்): மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். நேற்று நீங்கள் நாலு முறை போன் செய்தும் பயத்தில் நான் எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு வியாழக்கிழமை லீவு இல்லை, திங்கட்கிழமையே அனுப்புகிறோம் என்று சொல்லத்தான் கூப்பிட்டீர்கள் என்பது, மாப்பிள்ளை ஓட்டிவந்த கார் தெருமுனையில் முதல் வேகத்தடையில் அடிதட்டி நின்றபிறகுதான் தெரிந்தது. ஜெனிதா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். "டாக்டரம்மா தெனம் நடக்கத்தான் சொல்லியிருக்காங்கப்பா" என்று நடக்க ஆரம்பித்தாள். எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள். ஒரு கை இடுப்பில், ஒரு கை அந்தந்த வீட்டுக்காரர் தோளில், அப்படி ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். அய்யாக்கண்ணு வீட்டில் மட்டும் நின்று மூச்சு வாங்கி, "ஏன் பெரியப்பா இவ்ளோ ஒசரம்?" என்று கேட்டாள். அவர் வானத்தைப் பார்த்தார். இன்று காலை விடிந்ததும் முதல் கடப்பாறைச் சத்தம் அவர் வாசலிலிருந்துதான் கேட்டது. அப்புறம் தெரு முழுக்க. "தீர்மானம் இல்லாம எப்புடிங்க?" என்று குருநாதன் நோட்டோடு ஓடி வந்தார். "தள்ளி நின்னு எழுதுய்யா, காலுல பட்டுறப் போவுது" என்றார்கள். எங்கள் வீட்டு இரண்டையும் நாலு பேர் சேர்ந்து பெயர்த்துவிட்டார்கள். ஜெனிதா அந்தச் சத்தத்திலும் உள்ளே தூங்குகிறாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளை எப்படியும் சொல்லிவிடுவார். நேற்று அவள் எங்காவது தளர்ந்தால் உட்கார வைக்கலாம் என்று பிடித்த இடுப்போடு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பதினாறு வீட்டையும் தாண்டும் வரை அவள் ஓர் இடத்தில்கூட உட்காரவில்லை. நான் ஏழு இடத்தில் உட்கார்ந்தேன்.