அலும்னி என்றால் யார்?

"பத்தாவது பெயிலான மூக்கன் எப்படிப்பா பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவராக முடியும்?" என்று அருள்மணி கேட்டதும், வகுப்பறையில் கூடியிருந்த பழைய மாணவர்கள் நாற்பது பேரும் அவரவர் போனைப் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? லாரி வைத்திருக்கும் மூக்கன்தான் திருக்கோகர்ணத்தில் பாதிப் பேர் வீட்டுக்கு எம்-சாண்ட் இறக்கியவன்.

அருள்மணி அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. இந்த முறை தலைவர் பதவியை விடுவதில்லை என்று முடிவு கட்டித்தான் வந்திருந்தார். வாலிபத்தில் இரண்டு வருடம் செமினரியில் படித்து, சாமியார் ஆகாமல் ஊர் திரும்பியவர். கையில் மிஞ்சியது லத்தீன் மட்டும்தான். அதை எடுத்து விட்டார்.

"பேனரைப் பாருங்க. அலும்னின்னு போட்டிருக்கு. லத்தீன் வார்த்தை. ஒருத்தன்னா அலும்னஸ், பல பேர்னா அலும்னி."

"பொம்பளைங்கன்னா?" என்றாள் அமுதவல்லி.

"ஒருத்தின்னா அலும்னா. ஆனா ஆம்பளையும் பொம்பளையும் கலந்திருந்தா ஆம்பளை வார்த்தையே போதும்."

"அப்ப ஒனக்கு ஆம்பளை ஓட்டே போதும், அருளு."

பெண்களின் பதினாறு ஓட்டும் போயிற்று. அதைச் சரிக்கட்ட அருள்மணி வார்த்தையின் வேருக்கே போனார்.

"ஆம்பளை பொம்பளையை விடுங்க. மூலம் அலேரே. சோறு போட்டு வளக்குறதுன்னு அர்த்தம். வளத்த பிள்ளைதான் அலும்னஸ்."

"அதுல படிப்பு, பாஸுன்னு ஏதாச்சும் வருதா?" என்று கேட்டான் மூக்கன்.

பொய் சொல்லச் செமினரி விடவில்லை. "வரல."

"பெறகென்ன, நானும் நிக்கலாம்ல?"

எல்லோரும் கை தட்டினார்கள். சொந்த லத்தீனே காலை வாரிவிட்ட கொடுமையை எங்கே போய்ச் சொல்வது? ஆனாலும் அருள்மணி விடவில்லை. படிக்கிற நாளில் மத்தியான மணி அடித்ததும் மூக்கன் சுவரேறிக் குதித்துக் குளத்துக்கு ஓடியது ஊருக்கே தெரியும்.

"சரி. இந்தப் பள்ளிக்கூடத்துச் சோத்தைத் தின்னவங்க மட்டுந்தான் தேர்தல்ல நிக்கணும். தீர்மானமா எழுது ஷர்லி."

செயலாளர் ஷர்லி எழுதினாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து அருள்மணியுடையது.

அந்தக் காலத்தில் அங்கே சத்துணவு சமைத்த முனியாயி, ஓரமாக எல்லோருக்கும் கேசரி வைத்துக்கொண்டிருந்தாள். அருள்மணி அவளைச் சாட்சிக்கு அழைத்தார்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. மூக்கன் என்னைக்காச்சும் இங்க சாப்பிட்டிருக்கானா?"

"ரெண்டு தட்டு தின்னுட்டுத்தான தம்பி அது செவரு ஏறும். ஹெட்மாஸ்டர் மகன்னு ஒங்களுக்குத்தான் தெனம் வீட்டுலேருந்து கேரியர் வந்துரும்."