ஏழு இருபது பஸ்ஸும் ஒரு கிளட்ச் ஹவுசிங்கும்

வில்லியனூர் கொம்யூனில் மட்டுமல்ல, பூமியில் இதுவரை ஸ்பேனர் பிடித்த மனிதர்களிலேயே நேர விஷயத்தில் பொய் சொல்லாத ஒரே ஆள் பத்து நிமிஷம் அண்ணன்தான். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் “பத்து நிமிஷ வேலை” என்பார். பத்து நிமிஷம்தான் செய்வார். எத்தனை நாளைக்கு என்று நாம் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

அவருக்கு வேறு பெயர் உண்டு, ரேஷன் கார்டில் இருக்கிறது என்று கேள்வி. அவர் மனைவியின் போனிலேயே ‘பத்து நிமிசம்’ என்றுதான் பதிவாகியிருக்கிறது, நான் கண்ணால் பார்த்தேன். சேதராப்பட்டில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கம்பெனி பஸ் காலை ஏழு இருபதுக்கு எங்கள் நிழற்குடைக்கு வர வேண்டும். ஏழரைக்கு வரும். பஸ்ஸின் அந்தப் பத்து நிமிஷத் தாமதம்தான் அண்ணனின் ஒர்க்‌ஷாப்.

இது உவமை இல்லை. நிழற்குடையின் இரும்புக் குழாயில் நாலு ஓட்டை போட்டு, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற ஒரு வைஸை முடுக்கி வைத்திருந்தார். கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து நிழற்குடைக்கு வர்ணம் அடிக்க வந்தவர்கள் வைஸுக்கும் சேர்த்து நீலம் அடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அது அரசாங்கச் சொத்து, யாரும் கழற்ற முடியாது.

நான் அவரிடம் போனதற்குக் காரணம் என் வண்டி. குருவிநத்தத்தில் ஒரு கரும்புக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து மீட்ட டூ-ஸ்ட்ரோக் பைக். இரட்டை சைலன்சர், என்னைவிட இருபது வயது மூத்தது. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கிறவள். கையில் கிரீஸ் படாமல் படித்த படிப்பு கொஞ்சம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மாதத்தில் வண்டியில் எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. நிற்காது.

கிளட்சைப் பிடித்தால் என்ஜினும் சக்கரமும் பிரிய வேண்டும். என் வண்டியில் பிரியாது. பிரேக்கை அழுத்தினால் என்ஜின் அணைந்துவிடும், விட்டால் வண்டி நடக்கும். ரயில்வே கேட் மூடியிருந்த ஒரு காலையில் எல்லோரும் நின்றார்கள். நானும் கிளட்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி மட்டும் மெதுவாக நடந்து முன்சக்கரத்தைக் கேட்டுக்கு அடியில் விட்டது. கேட்கீப்பர் கோபப்படவில்லை.

“ரயிலுக்குக் கொஞ்சம் வழி வுடும்மா,” என்றார்.

என்ஜினைப் பிரித்தபோது காரணம் தெரிந்தது. கிளட்ச் ஹவுசிங் என்பது ஓர் இரும்புக் கிண்ணம். அதன் விளிம்பில் எட்டு விரல்கள் நிமிர்ந்து நிற்கும். கிளட்ச் பிளேட்டுகளின் காதுகள் அந்த விரல்களின் இடைவெளியில் மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். நாற்பது வருஷம் அந்தக் காதுகள் இடித்து இடித்து விரல்களின் பக்கங்களில் படிக்கட்டு மாதிரி குழி விழுந்திருந்தது. காது குழியில் மாட்டிக்கொள்ளும், பிளேட் பிரியாது, வண்டி நடக்கும். புது ஹவுசிங் எங்கும் கிடைக்கவில்லை. ஐந்து மெக்கானிக்குகள் பார்த்தார்கள். ஐந்து பேரும் ஒரே விலாசம் சொன்னார்கள்: நிழற்குடை.

அப்பாவுக்கு இதில் தனிக் கணக்கு இருந்தது. வண்டி நின்ற இடம் அவர் நெல் மூட்டை அடுக்குகிற இடம். பதிவு காலாவதியாகிப் பல வருஷம். புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், அதற்கு ஒரு வெள்ளிக்கிழமை நாள் கொடுத்திருந்தார்கள்.

“பாஸாச்சின்னா நிக்கட்டும்,” என்றார் அப்பா. “ஆவலன்னா சனிக்கெழம இரும்புக்கடைக்காரன் வருவான். பேசிட்டன்.”

“யார்கிட்டப்பா பேசினீங்க?”

“பாகூரான்கிட்ட. வந்து பாத்துட்டுகூடப் போயிட்டான். நீ தூங்கிக்கினு இருந்த.”

ஹவுசிங்கை எடுத்துக்கொண்டு நிழற்குடைக்குப் போனேன். அண்ணன் அதை வாங்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு விரலையும் நகத்தால் தடவினார்.

“எவ்ளோ நேரம்ண்ணே ஆவும்?”

“பத்து நிமிஷ வேலை.”

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். பொறுமையாகக் குடித்தார். பஸ் வந்தது. ஹவுசிங்கைச் சாப்பாட்டுப் பையில், தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார். டீக்குப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

முதலில் தெரிந்த வெல்டரிடம் கொடுத்துக் குழிகளையெல்லாம் நிரப்பி மேடாக்கினார். பின்பக்கம் ஆடிக்கொண்டிருந்த ரிவெட்டுகளைப் புதுசாக அடிக்க வைத்தார். அதன்பிறகு அரம். எட்டு விரல், விரலுக்கு இரண்டு பக்கம், பதினாறு பக்கம். எல்லாம் நேராக வர வேண்டும், எல்லாம் ஒரே அளவில் வர வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று காலை பிடித்தது. லேப்டாப்பில் அட்டவணை போட்டுப் பார்த்தேன், இன்ஸ்பெக்டர் நாளுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே முடியும் என்று வந்தது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

“அண்ணே, வூட்ல வெச்சி கொஞ்சம் செய்யலாமே?”

“வூட்ல வைஸ் இல்ல.”

“ஞாயித்துக்கெழம இங்கயே வந்து செய்யலாமே?”

“ஞாயித்துக்கெழம பஸ் வராது.”

“பஸ் வராதது நல்லதுதானண்ணே. முழுசா செய்யலாம்.”

அவர் அரத்தை நிறுத்திவிட்டு, படித்த பிள்ளையிடம் இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுபோல் பார்த்தார்.

“இன்ஜினியரு, அரம் புடிச்ச கை தானா நிக்காது. பத்து நிமிஷத்துக்கு மேல போச்சின்னா அதுக்கு ஆச வந்துடும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போவும். நிறுத்தறதுக்கு வெளியேர்ந்து ஒரு ஆளு வரணும். எனக்கு பஸ் வருது.”

“ஒரு தடவயாவது முயற்சி பண்ணிப் பாத்தீங்களா?”

“பாத்தன். மாமியா வூட்ல கதவு நெலையில லேசா இடிக்கிதுன்னாங்க. ஞாயித்துக்கெழம. காலைல அரம் போட ஆரம்பிச்சன்.”

“அப்புறம்?”

“சாயங்காலம் கதவு இல்ல.”

எதிரே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற பாய் இதற்குச் சாட்சி. புதுக் கதவுக்குக் கீல் அவர் கடையில்தான் வாங்கினார்களாம். பாய் தினமும் கடையைத் திறந்துவிட்டு, நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

“இன்னா பாப்பா, எத்தினியாவது வெரலு?”

“அஞ்சு பாய்.”

“பரவால்ல. உன் பேத்தி ஓட்டுவா.”

அரம் போட்ட பக்கம் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கம்பெனிகளில் ஒரு நீல மை தடவுவார்கள். அண்ணன் குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவினார். பிளேட்டின் காதில் ஒரு பொட்டு வைத்து, விரலோடு உரசிப் பார்ப்பார். சிவப்பு எங்கே ஒட்டுகிறதோ அங்கே இன்னும் மேடு. இதனால் ஒரு பக்கவிளைவு ஏற்பட்டது. வைஸில் குங்குமப் பொட்டோடு எட்டு விரல் விரித்து நிற்கிற ஓர் இரும்பைப் பார்த்து, சந்தைக்குப் போகிற ஓர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மறுநாள் வைஸின் கைப்பிடியில் ஒரு செம்பருத்தி இருந்தது. அண்ணன் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். அதற்கு அடுத்த நாள் இரண்டு எலுமிச்சம்பழம். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பதினைந்து பக்கம் முடிந்து, பதினாறாவது பக்கத்தில் முதல் நாள் வேலையும் முடிந்தது. இன்னும் இரண்டே காலை, அதாவது இருபது நிமிஷம்தான் பாக்கி. அப்போது பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்தார்.

சுத்துக்கேணிக்காரர், ஒல்லியான ஆள், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். முதல் நாள் பஸ்ஸை ஏழு இருபதுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணன் அப்போதுதான் வைஸை முடுக்கி முடித்திருந்தார். அரத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். அதற்கடுத்த நாள் ஏழு இருபது. அதற்கடுத்த நாளும் அதேதான்.

“அண்ணே, நாளைலேர்ந்து பத்து நிமிஷம் முன்னால வந்துடுங்களேன்.”

“ஏழு இருவதுன்னா ஏழு இருவது. நான் டயத்துக்கு வர்ற ஆளு. லேட்டா வந்துக்கினு இருந்தது பஸ்ஸு.”

இதில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி ஆனது. ஓட்டை இல்லை. ஆகவே பஸ் தாமதமாக வருவதுதான் ஒரே வழி என்று முடிவு செய்து டிரைவரிடம் போனேன்.

“அண்ணே, ரெண்டே நாளு. நீங்க கொஞ்சம் லேட்டா வரணும்.”

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பதினாலு வருஷமா பஸ் ஓட்டறம்மா. லேட்டுன்னு அடிக்க வந்துருக்காங்க. லேட்டா வான்னு இதுவரிக்கும் யாரும் சொன்னதில்ல.”

“வண்டிக்கு கிளட்ச் வேலைண்ணே.”

“எந்த வண்டிக்கி?”

“என் வண்டிக்கு.”

“உன் வண்டிக்கி வேலன்னா என் வண்டி இன்னாத்துக்கு லேட்டா வரணும்?”

விளக்கினேன். நடுவில் மாமியார் வீட்டுக் கதவும் வந்தது. அவர் முகம் மாறவில்லை, ஆனால் மனசு கொஞ்சம் இறங்கியது. “ஆள் ஏறினப்புறம் ஒரு நிமிஷம் நிக்கிறன். அதுக்கு மேல கேக்காத,” என்றார். இப்படியாகப் பத்து நிமிஷம் அண்ணன் ஒரு நிமிஷம் அண்ணன் ஆனார். எல்லோரும் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்க்க, அவர் ஒரு நிமிஷம் அரம் போடுவார். டிரைவர் ஆரன் அடிப்பார். அண்ணன் ஏறுவார். பத்து நாளில் பத்து நிமிஷம் முடிந்தது. பதினோராவது நாள் வியாழக்கிழமை. மறுநாள் இன்ஸ்பெக்டர். பாக்கி, பத்து நிமிஷம்.

வியாழக்கிழமை நான் நிழற்குடைக்கு வந்தபோதே மனசைத் தயார்ப்படுத்தியிருந்தேன். இரும்புக்கடைக்காரர் முந்தின நாளே அப்பாவுக்குப் போன் செய்து, எந்த அளவு வண்டி எடுத்து வர வேண்டும் என்று கேட்டிருந்தார்.

ஏழு இருபது. பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். அண்ணன் வைஸை முடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் ஆனது. ஆரன். அவர் திரும்பவில்லை. இரண்டாவது ஆரன். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். பாய் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

மூன்றாவது ஆரனுக்கு அண்ணன் கையை மட்டும் ஆட்டினார்.

“நீங்க போங்கப்பா. எனக்கு பத்து நிமிஷ வேல இருக்குது.”

பஸ் போய்விட்டது. அந்த பஸ்ஸை அவர் விட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஜுரத்திலும் விட்டதில்லையாம். அவர் பெண் பிறந்த அன்றும் ஆஸ்பத்திரிக்கு எதிரில் நின்று ஏறிப் போனாராம். அந்த ஆள் இப்போது பஸ் இல்லாத ஒரு காலையில் கையில் அரத்தோடு நின்றார். தடுக்க உலகத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வந்தது. ஒரு விரல் மட்டும் இளைத்துப்போனால் மற்ற ஏழும் சேர்ந்து குப்பை. திரும்ப வெல்டிங் வைக்க நாள் இல்லை.

“இன்ஜினியரு,” என்றார்.

“சொல்லுங்கண்ணே.”

“இன்னைக்கி நீதான் பஸ்ஸு. கரெக்டா பத்து நிமிஷம். ஆரன் அடிச்சிடு.”

“எப்படிண்ணே அடிக்கிறது?”

“என்னக் கேட்டா? பஸ்ஸுக்குத் தெரியணும்.”

போனில் நேரம் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் தொடங்கினார். நிழற்குடையில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஏழெட்டுப் பேர், சந்தைக்கார அம்மா உட்பட. ஐந்து நிமிஷம் வரை அரம் தள்ளும்போது ஒரு சத்தம், இழுக்கும்போது மௌனம். ஏழாவது நிமிஷத்தில் வேகம் கூடியது. ஒன்பதாவது நிமிஷத்தில் அவர் நாக்கின் நுனி வெளியே வந்துவிட்டது, கண் விரலைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஆசை வந்துவிட்டது என்று தெரிந்தது. நம்பர் பத்தைத் தொட்டது. இத்தனை பேர் நடுவில் எப்படிக் கத்துவது என்று ஒரு நொடி, இரண்டு நொடி.

“அடி பாப்பா,” என்றார் பாய்.

“பாம்,” என்றேன்.

கை நிற்கவில்லை.

“பாம். பாம். பாம்.”

அரம் அப்படியே அந்தரத்தில் நின்றது. அண்ணன் தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். குங்குமம் தடவி, பிளேட்டை உரசிப் பார்த்தார். விரல் முழுக்க ஒரே சிவப்பு. பிளேட்டை உள்ளே போட்டார். கிணற்றில் வாளி இறங்குவதுபோல் அது தன் எடையிலேயே கீழே போய் உட்கார்ந்தது.

“பஸ்ஸு ரெண்டு செகண்டு லேட்டு,” என்றார். அரத்தைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிப் போனார்.

மத்தியானத்துக்குள் ஹவுசிங்கை என்ஜினில் பூட்டிவிட்டேன். மறுநாள் இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், பிறகு மைதானத்தின் நடுவில் போய் நின்றுகொண்டார். “ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து என் ஷூகிட்ட நிறுத்தும்மா. கியர்ல வெச்சே நிறுத்து.” சுற்றி வந்தேன். ஷூவுக்கு ஒரு சாண் முன்னால், முதல் கியரில், கிளட்சைப் பிடித்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி நடுங்கிக்கொண்டே நின்றது. நகரவில்லை. இன்ஸ்பெக்டரும் நகரவில்லை. வேலிக்கு வெளியே நின்ற அப்பா போனை எடுத்து, “வராதப்பா,” என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

வியாழக்கிழமை கம்பெனி கேட்டில் தாமதம் என்று அண்ணனை உள்ளே விடவில்லையாம். சாயங்கால பஸ் வருகிறவரை வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாராம். இதைச் சொன்னது அவர் இல்லை, டிரைவர். அந்த டிரைவர் இப்போதெல்லாம் ஏழரைக்குத்தான் வருகிறார். கேட்டால் வழியில் ஆடு என்கிறார்.

வைஸில் இப்போது யாருடைய கிரைண்டர் பாகத்துக்கோ வேலை நடக்கிறது. நான் சில காலைகளில் அந்தப் பக்கம் போகிறேன், வேலை ஒன்றும் கிடையாது. நிழற்குடைக்கு எதிரில் நிறுத்தி, நியூட்ரல் போடாமல், முதல் கியரிலேயே கிளட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வண்டி நகராது. அண்ணன் அரத்திலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார், என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார். காது மட்டும் இந்தப் பக்கம் இருக்கும். கை வலிக்கிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் கிளம்புவேன்.