ஒன்பது கூட்டங்களில் ஓர் இலவச உரிமம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்காமல் உலகம் வெறிச்சோடிக் கிடந்த வேளையில்தான் எங்கள் நிறுவனம் 'கட்டற்ற உரிமத் தேர்வுக் குழு'வை அமைத்தது. அதன் தலைவர், மேலாளராகிய அடியேன். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. ஆகவே இதை ஒரே ஒரு முறைதான் சொல்வேன்.

நாங்கள் நாட்காட்டியும் பள்ளி நோட்டும் அச்சடிப்பவர்கள். ஒரு விடுமுறையில் முதலாளியின் மகள் தோழிகளோடு உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடினாள். மேசையைச் சுற்றி நாலு பேர். ஒருத்தி திருடி, ஒருத்தி வைத்தியர், இப்படி ஆளுக்கு ஒரு வேடம். திருடி மதிலைத் தாண்டினாளா, காலை உடைத்துக்கொண்டாளா என்பதைப் பகடை சொல்லும். ஐந்து மணி நேரம் ஒருத்தியும் செல்போனைத் தொடவில்லை.

"இது விக்கும்" என்றார் முதலாளி. தொலைநோக்கு என்றால் அதுதான்.

இந்த விளையாட்டுக்கு இரண்டு வேண்டும்: ஒரு கதை, பகடை எப்படித் தீர்ப்புச் சொல்லும் என்ற விதிகள். கதையை எழுதியவர் எங்களிடம் மெய்ப்புத் திருத்தும் அம்மா. மூலை மேசையில் உட்கார்ந்து, நோட்டு அட்டைப் பிழைகளுக்கு நடுவே, மூன்று வருடத்தில் கடலில் மூழ்கிய ஒரு துறைமுக நகரத்தையே எழுப்பிவிட்டார். தெருக்கள், கள்ளச் சாவிகள், அரசியின் பல்வலி, எதுவும் பாக்கியில்லை. பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்.

"அட்டையில என் பேரு வரணும் சார். இருபது வருஷமா அடுத்தவங்க எழுதினதையே திருத்திக்கிட்டு இருக்கேன். ஒரு தடவயாவது என் பேரை அச்சுல பாக்கணும்."

"அதுக்கென்னம்மா, பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. அவர் கொடுத்த வாக்கு கொடுத்த இடத்திலேயே இருக்கும். அங்கிருந்து ஓர் அங்குலம் நகராது.

விதிகளையும் அந்த அம்மாவே கண்டுபிடித்து வந்தார். "நாம புதுசா எழுத வேண்டாம் சார். நல்ல விதிகளை இலவசமாவே கொடுத்திருக்காங்க. எடுத்துக்கலாம், மாத்தலாம், விக்கவும் செய்யலாம். உரிமம் ரெண்டே பக்கம்."

படிக்க நாலு நிமிடம் ஆகும். பொறுப்புள்ள ஒரு நிறுவனம் நாலு நிமிடத்தில் முடிவெடுக்குமா? உடனே குழு அமைந்தது. நான், வக்கீல், முதலாளியின் மச்சான். மச்சானுக்கு விளையாட்டும் தெரியாது, சட்டமும் தெரியாது. எனவே குழுவின் நடுநிலை உறுதி செய்யப்பட்டது. எல்லாக் கூட்டத்துக்கும் முதலாளியே வந்து உட்கார்ந்தார்.

குழு முதலில் எடுத்தது அம்மா சொன்னதை அல்ல, வேறொரு விதித் தொகுப்பை. அதுவும் இலவசம்தான். ஆனால் அதை வைத்து நாம் உருவாக்குவதையும் இலவசமாக விட வேண்டுமாம்.

"அப்படின்னா?" என்றார் முதலாளி.

"நம்ம நகரத்தையும் யாரு வேணும்னாலும் சும்மா எடுத்துக்கலாம்" என்றார் வக்கீல்.

முதலாளி தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னார்: "நாம சும்மா எடுத்தா அது உரிமம். நம்மகிட்ட சும்மா எடுத்தா அது திருட்டு இல்லையா?"

சட்ட நுணுக்கம் மிகுந்த இந்தக் கேள்வியோடு வக்கீல் கோப்பை மூடினார். தொகுப்பு நிராகரிக்கப்பட்டது.

அடுத்ததில் நிபந்தனையே கிடையாது. 'என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்' என்று ஒரே வரி. மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சும்மா கொடுக்கறவன் இவ்வளவு சும்மாவா கொடுப்பான்? உள்ள என்னமோ இருக்கு."

அந்த 'என்னமோ'வை மூன்று கூட்டங்கள் தேடினோம். கிடைக்கவில்லை. கிடைக்காததே எங்கள் சந்தேகத்தை ஊர்ஜிதம் செய்தது. அதுவும் நிராகரிக்கப்பட்டது.

கடைசியில் அம்மா முதல் நாள் சொன்ன தொகுப்புக்கே திரும்பி வந்தோம். சுற்றிப் போனால்தானே பயணம். அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது: விதிகளை எழுதியவர் பெயரை ஒரு வரியில் போட வேண்டும்.

"எவனோ ஒருத்தன் பேரு நம்ம விளையாட்டுப் பெட்டியில எதுக்கு?" என்றார் முதலாளி.

"போடலன்னா உரிமம் போயிடும் சார். அவரு வழக்குப் போடலாம்."

"எவ்வளவு பெருசாப் போடணும்?"

வக்கீல் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். "'நியாயமான முறையில'ன்னு மட்டும்தான் இருக்கு."

நியாயம் என்றதும் எல்லார் முகமும் மலர்ந்தது. நியாயத்தோடு எங்களுக்கு நெடுநாள் பழக்கம்; அது எவ்வளவு வேண்டுமானாலும் சுருங்கிக் கொடுக்கும்.

எட்டாவது கூட்டத்தின்போது அம்மா கதவைத் தட்டினார். "நம்ம விளையாட்டை விக்கற கண்காட்சிக்கு இருபது நாள்தான் சார் இருக்கு. அட்டையை எப்பத் தருவீங்கன்னு அச்சகத்துல கேக்கறாங்க. என் பேரு..."

"அட்டை இந்தக் குழுவோட வரம்புல வராதும்மா" என்றேன். வரம்பு மீறாமை என் கொள்கை.

ஒன்பதாவது கூட்டத்தில் எனக்கு அந்த யோசனை உதித்தது. பெட்டியின் அடியில் விலைச் சீட்டு ஒட்டுவோம் அல்லவா? அந்தப் பெயரை அச்சடித்து, அதன் மேலேயே சீட்டை ஒட்டிவிட்டால்? பெயர் போட்டதாகவும் ஆயிற்று, போடாததாகவும் ஆயிற்று. மச்சான் எழுந்து கைதட்டினார். வக்கீல் தொண்டையைச் செருமினார். அதை ஆமோதிப்பு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மகிழ்ச்சியில் முதலாளி அட்டையைத் தாமே முடிவு செய்தார். மேலே 'உருவாக்கம்' என்று அவர் பெயர். உள்ளே இருக்கும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தேர்வுக் குழுவின் புகைப்படம். மச்சான் அதில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

கண்காட்சியில் மதியத்துக்குள் பாதிப் பெட்டிகள் போய்விட்டன. அம்மா வந்தார். ஒரு பெட்டியை எடுத்து முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், திறந்து ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். இருபது வருடம் பிழை பார்த்த கண். பிறகு பெட்டியைக் கவிழ்த்து, விலைச் சீட்டை நகத்தால் மெல்ல உரித்தார்.

"இவரு பேரு இருக்கு சார்."

"சட்டம்மா. போட்டே ஆகணும்."

"என் பேரு?"

வக்கீலைப் பார்த்தேன். அவர் ஒரு பகடையை உருட்டி, வந்த எண்ணை உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நீங்க நிபந்தனைன்னு எதுவும் போடலையேம்மா."

"கேட்டேனே சார்."

"கேட்டீங்க. எழுதித் தரலையே."

அம்மா உரித்த சீட்டை ஓரம் பிசகாமல் மறுபடி ஒட்டினார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அட்டையில் முதலாளி பெயருக்குக் கீழே, ஏதாவது விடுபட்டிருந்தால் மெய்ப்பில் போடும் அந்தச் சின்னக் குறியைப் போட்டார். பெட்டியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் மூலை மேசை காலியாக இருந்தது.

அந்தப் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. குழுவின் உழைப்பு வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாங்கள் தேடியது கிடைத்தது: எல்லாவற்றையும் கொடுத்துவிடும், வழக்குப் போடாது, பெயர் கேட்டாலும் போட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட உரிமத்தை உலகமெல்லாம் தேடினோம். அது மூன்று வருடமாக எங்கள் மூலை மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது. குழு அதை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது.

ஒரே முறைதான் சொல்வேன் என்றேன். இரண்டாவது முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது: அந்தக் குழுவின் தலைவர் நான்தான்.